பழத்தோலில் ஒளிரும் கரி: வியாபாரமாகுமா?

கல்லாவுக்கு வரும் ஐந்நூறு ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கில் பிடித்துப் பார்க்கிறோம். எண் அச்சிட்ட இடம் பளிச்சென்று ஒளிர்ந்தால்தான் நமக்கு நிம்மதி. அதே விளக்கில் ஒளிரும் பொருளை, நாம் குப்பையில் கொட்டும் பழத்தோலிலிருந்தும் எடுக்கலாம் என்கிறது விஞ்ஞானம்.

இதன் பெயர் கார்பன் டாட். மிக நுண்ணிய கரித்துகள். பத்து நானோமீட்டருக்கும் குறைவான அளவு. ஒரு மில்லிமீட்டருக்குள் லட்சம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். 2004-ல் அமெரிக்காவில் கரிப்புகையைச் சுத்திகரித்தபோது தற்செயலாகக் கண்டறியப்பட்டது.

2012-ல் சீன விஞ்ஞானிகள் பம்பளிமாஸ் தோலைத் தண்ணீருடன் மூடிய கலத்தில் இட்டு, 200 டிகிரி வெப்பத்தில் மூன்று மணி நேரம் வைத்தார்கள். தோலிலுள்ள சர்க்கரையும் நாரும் சிதைந்து, நுண்கரியாக மாறின. வடிகட்டிய நீர் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தது. அந்நீரில் பாதரசம் கலந்தால் ஒளி மங்கும். இதைக் கொண்டு ஏரி நீரில் பாதரசம் உள்ளதா என்றும் சோதித்தார்கள். போலிச் சரக்கைக் கண்டுபிடிக்க உதவும் ரகசிய மை தயாரிக்கவும் இது பயன்படும் என்று ஆய்வுகள் நடக்கின்றன. போலிச் சரக்கால் பெயர் கெடுவது கடைக்காரருக்குத்தானே!

ஆனால் வியாபாரி கணக்கும் பார்க்க வேண்டும். அந்தத் தோல் கரித்துகள், தான் வாங்கும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பங்கைத்தான் திருப்பித் தந்தது. பழத்தின் ரகம், பருவம், பக்குவம் மாறினால் ஒளியும் மாறும். சுத்திகரிக்கும் செலவும் உண்டு.

ஆகவே, 'இயந்திரம் தருகிறோம், தோலைத் தங்கமாக்கலாம்' என்று யாராவது முன்பணம் கேட்டால், நாம் மூன்று கேள்விகள் கேட்போம். ஒரு கிலோ தோலுக்கு எத்தனை கிராம் கிடைக்கும்? ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஒளி வருமா? வாங்குபவர் யார், எழுத்தில் உள்ளதா?

வீட்டில் முயன்று பார்க்கவும் வேண்டாம். நம் குக்கர் எட்டுவது 120 டிகிரி அளவுதான். 200 டிகிரியில் மூடிய கலத்துக்குள் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 15 மடங்கு அழுத்தம் உண்டாகும். கலம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

இப்போதைக்குத் தோல் உரத்துக்கும் மாட்டுக்கும் போகட்டும். குப்பையோடு கலக்காமல் தனியே பிரித்து வைக்கும் பழக்கத்தை மட்டும் இன்றே தொடங்குவோம். நாளை உண்மையான கொள்முதல்காரர் வந்தால், சுத்தமான தோல் வைத்திருப்பவருக்கே முதல் விலை கிடைக்கும்.