எத்தனையாவது வரிசை?

கையால் ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு ஊசி பிடிக்கக் கற்பதைவிடப் பெரிய தொல்லை, எத்தனையாவது வரிசையில் இருக்கிறோம் என்பதுதான். போன் அடிக்கும், அடுப்பில் பால் பொங்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால் 37-ஆ, 38-ஆ என்று குழப்பம். இதற்கென்றே கடைகளில் கவுண்டர் விற்கிறார்கள்: ஊசியில் கோத்துக்கொள்ளும் சின்ன உருளை, விரலில் மாட்டி அழுத்தும் கருவி, இப்போது போனில் ஆப். எதுவும் இல்லாதவர்கள் காகிதத்தில் கோடு போடுகிறார்கள். இவற்றில் எது சிறந்தது என்ற கேள்வியே பிந்தியது என்பேன். பின்னிய துணியைப் பார்த்து எண்ணத் தெரிந்திருப்பதுதான் முதல் வேலை.

கவுண்டர் வரிசையை எண்ணுவதில்லை. நாம் அழுத்திய தடவைகளைத்தான் எண்ணுகிறது. திருப்பூரில் ஓடும் வட்டப் பின்னல் இயந்திரத்திலும் கவுண்டர் உண்டு. ஊசிகள் பதித்த உருளை ஒரு சுற்று வந்தால் எண் தானாக ஒன்று ஏறும்; குறித்த சுற்று ஆனதும் இயந்திரம் நிற்க, துணி ரோலை அறுத்து இறக்குவார்கள். ஓட்டமே எண்ணாக மாறுவதால் அங்கே யாரும் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. கைப்பின்னலில் அந்த இணைப்பு கிடையாது. வரிசையை மறக்க வைக்கிற அதே பராக்கு, கவுண்டரை அழுத்தவும் மறக்க வைக்கிறது. அழுத்தினோமா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை அழுத்துகிறவர்களும் உண்டு. மறதிக்கு மருந்தாக வாங்கிய பொருள், மறக்காதவர்களுக்கே முழுதாகப் பயன்படுகிறது!

துணியோ நடந்ததை மட்டும் காட்டும். ஒரு வரிசை நிட் (நேர்ப் பின்னல்), மறு வரிசை பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று போட்டு வந்தால், முன்பக்கத்தில் ஆங்கில ‘வி’ போன்ற வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். ஒரு ‘வி’ ஒரு வரிசை. எல்லா வரிசையிலும் நிட் மட்டுமே போட்டால் குறுக்கே மேடுகள் தெரியும். ஒரு மேட்டுக்கு இரண்டு வரிசை. ஊசியில் இருக்கும் கண்ணிகளை ஒரு வரிசையாகச் சேர்க்க வேண்டும், கண்ணி ஏற்றிய விளிம்பைச் சேர்க்கக் கூடாது. ஒன்று கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். நீளமாக நூல் விட்டு, அந்த நுனியையும் சேர்த்துக் கண்ணி ஏற்றியிருந்தால் இன்னொரு வசதி: மிச்ச நுனி தொங்கும் ஓரத்திலேயே பின்னும் நூலும் நின்றால் முடிந்தது இரட்டைப்படை வரிசை, எதிர் ஓரத்தில் நின்றால் ஒற்றைப்படை. 37-ஆ, 38-ஆ என்ற வழக்கு ஒரு பார்வையில் தீர்ந்துவிடும். கயிறு முறுக்கியதுபோல் கேபிள் போடுகிறவர்கள், கண்ணிகளை மாற்றிப் போட்ட இடத்தை லேசாக விரித்தால் ஒரு சிறு துளை தெரியும். அதற்கு மேல் ஏணிப்படிபோல் நிற்கும் குறுக்கு நூல்களை எண்ணினால், கடைசியாக மாற்றியபின் எத்தனை வரிசை போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இத்தனை எதற்கு, டேப் வைத்து அளந்தால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 10 செ.மீ.க்கு 28 வரிசை வரும் பின்னலில் இரண்டு வரிசை தவறினால் வித்தியாசம் 7 மில்லிமீட்டர். உடல் பாகத்தில் அதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ‘நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்’ என்ற நூலை 1971-இல் எழுதிய எலிசபெத் சிம்மர்மனின் வட்டச் சால்வையில், 3, 6, 12, 24, 48 சுற்று என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கண்ணிகளையும் இரட்டிப்பார்கள். வட்டத்தின் ஆரம் இருமடங்கானால் சுற்றளவும் இருமடங்காகும் என்ற கணக்குதான் அது. 24 சுற்று 25 ஆனால் சால்வை ஒன்றும் கோணிவிடாது. ஆனால் எட்டு வரிசைக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய கேபிளைப் பத்தாவதில் மாற்றினால் அந்த ஒரு முறுக்கு மட்டும் நீண்டு, மார்புக்கு நடுவே துருத்திக்கொண்டு தெரியும். டேப்பும் அவ்வளவு நம்பகமானதல்ல: பின்னல் துணி இழுத்தால் நீளும், தொங்கவிட்டால் இன்னும் நீளும். வரிசை எண்ணிக்கை இழுவைக்கு மாறாது.

கறுப்புக் கம்பளியிலும் ரோமம் சிலிர்த்து நிற்கும் மோஹேர் நூலிலும் கண்ணியே கண்ணுக்குத் தெரியாதே என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். ஒப்புக்கொள்கிறேன், அங்கே கவுண்டர் வேண்டும்தான். ஆனால் அதோடு, பத்து வரிசைக்கு ஒருமுறை ஒரு கண்ணியில் பூட்டும் மார்க்கரை மாட்டிவிட்டால் தடவிப் பார்த்தே எண்ணலாம். லேஸ் வேலையில், எண்ணிச் சரிபார்த்த ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாவற்றிலும் வேறு நிற மெல்லிய நூலை ஊடே செலுத்தி விட்டுவைப்பார்கள். மேலே தப்பு நேர்ந்தால் அந்த நூல்வரை பிரித்துவிட்டு, சந்தேகமில்லாத இடத்திலிருந்து தொடங்கலாம். ஸ்வெட்டரின் இரண்டு கைகளுக்கோ எண்ணிக்கைத் தலைவலியே வேண்டாம்: நீண்ட வட்ட ஊசி ஒன்றில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலுருண்டை வைத்து வரிசைக்கு வரிசை சேர்த்தே பின்னுகிறார்கள். கணக்கு தப்பினாலும் இரண்டு கையிலும் ஒரே அளவுக்குத்தான் தப்பும்.