கட்டிப்போட்ட காவல்காரன்

வேளாண்மை குடலைப் பருவத்துக்கு வரும் நாட்களில் வயல் வாடியில் இரவு தங்கியவர்களுக்கு நாயின் அருமை தெரியும். பன்றி வரம்பேறுமுன் அது குரைக்கும். யானை காட்டோரத்தில் நிற்கும்போதே காதை நிமிர்த்தும். விடிந்ததும் பட்டி மாடுகளோடு தானும் நடக்கும். அதற்கு விளையாட்டுக் காட்ட வேண்டும் என்று நமது மூத்தோர் நினைத்ததே இல்லை. வயலே அதற்குப் போதிய வேலையைக் கொடுத்தது.

1990ஆம் ஆண்டின் வன்செயல்களும் 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோளும் அம்பாறைக் கரையோரக் குடும்பங்கள் பலவற்றை இடம்பெயர்த்தன. மனிதரோடு சில நாய்களும் வந்து சேர்ந்தன. கல்முனைப் பக்கத்து வீட்டுத்திட்டம் ஒன்றில் அப்படி வந்த ஒரு நாயை நான் கண்டேன். கிணற்றடியில், மூன்று முழச் சங்கிலியில், காலை முதல் இரவு வரை கட்டியிருந்தார்கள். இரவெல்லாம் குரைத்தது. அயலவரோடு சண்டை வந்தது. ஒருநாள் வேலியோரம் போன சிறுவனைக் கடித்தும்விட்டது.

“வயல்ல இரிக்கக்குள்ள ஒரு கரச்சலும் இல்ல பாதர். இஞ்ச வந்துதான் இதுக்கு என்னமோ புடிச்சிட்டு” என்றார் அதன் சொந்தக்காரர். உரப்பையில் கட்டி வேறு ஊர்ச் சந்தையில் விட்டுவிடலாம் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள்.

சிறுவனை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள், ஊசி போட்டார்கள். நாயை, வைத்தியர் சொன்ன நாட்கள் முழுவதும் கட்டிவைத்துக் கவனித்தார்கள். அதற்கு விசர் இல்லை. வேலை இல்லாமைதான் அதன் நோய். அகதி முகாமில் கைகட்டி இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உழைத்துப் பழகிய உடம்பைச் சும்மா இருத்தினால் மனம் எரிச்சல் கொள்ளும்.

ஆபிரிக்காவின் நமீபியா நாட்டில் 1994 முதல் கால்நடை விவசாயிகளுக்குக் காவல் நாய்க் குட்டிகள் வழங்கப்படுகின்றன. குட்டியிலேயே ஆட்டுப்பட்டியோடு வளரும் அந்நாய்கள் சிறுத்தைகளை விரட்டுகின்றன. ஆடு தப்புகிறது, விவசாயியின் துப்பாக்கிக்குச் சிறுத்தையும் தப்புகிறது. நாய்க்கு உரிய வேலையைக் கொடுத்ததன் பலன் அது.

நமது கரையோர முஸ்லிம் மக்கள் பெரும்பாலும் ஷாபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். நாயின் உமிழ்நீர் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கொண்டு கழுவுவது அவர்களது ஒழுங்கு. அதே மார்க்கம் வயல் காவலுக்கும் மந்தைக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆகவே நாய் வாசலுக்கு வெளியே, தனிப் பாத்திரத்தோடு இருக்கட்டும். கீழே சொல்லும் வழிகள் அதற்கும் பொருந்தும்.

1. காலையும் மாலையும் நடை. சுபஹ் தொழுகை முடிந்து வெயில் ஏறுமுன் ஒரு தடவை, அஸருக்குப் பின் ஒரு தடவை, கயிற்றில் பிடித்து நடத்துங்கள். அரை மணி நேரம் போதும். நடுப்பகலில் கடற்கரை மணலும் தார் றோட்டும் நாயின் பாதத்தைச் சுடும்.

2. மோப்பம் பிடிக்க விடுங்கள். நாய் உலகத்தை மூக்கால் அறிகிறது. நடக்கும்போது வேலியோரத்தை முகர நின்றால் இழுக்காதீர்கள். நாம் புதினப் பத்திரிகை வாசிப்பது போன்றது அது.

3. சாப்பாட்டைத் தேட வையுங்கள். ஒரே இடத்தில் கொட்டாமல் சிறு பங்குகளாக்கி முற்றத்தில் ஆங்காங்கே வையுங்கள். சிரட்டைகளைக் கவிழ்த்து ஒன்றிரண்டின் கீழ் ஒளித்து வைத்தால், கண்டுபிடிக்கும்வரை அதன் மூளை வேலை செய்யும். சமைத்த கோழி எலும்பு வேண்டாம். பிளந்து குடலைக் கிழிக்கும்.

4. ஓடுகம்பி. இரண்டு மரங்களுக்கிடையே கம்பி கட்டி, அதில் வளையம் கோத்து, வளையத்தில் கயிற்றைப் பிணையுங்கள். கட்டியிருக்கும்போதே நாய் அங்குமிங்கும் ஓடலாம். நிழலும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

5. சொல் கேட்கப் பழக்குங்கள். “இரு”, “வா”, “போதும்” என்ற மூன்று சொற்கள் போதும். சொன்னபடி செய்ததும் ஒரு துண்டுக் கருவாட்டை முன்னே போடுங்கள். அடித்துப் பழக்கிய நாய் பயத்தில் கடிக்கும்.

6. வயலுக்குப் போனால் கூட்டிப் போங்கள். காணி திரும்பக் கிடைத்தவர்களும் குத்தகைக்குச் செய்பவர்களும் அதன் பழைய தொழிலை அதற்குக் கொடுக்கலாம்.

ஆனால், எல்லாவற்றுக்கும் முன் தடுப்பூசி. ஆண்டுதோறும் போட வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இடமும் நாளும் கேளுங்கள். நாய் கடித்தால் காயத்தை உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, வைத்தியசாலைக்குப் போங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் பூச வேண்டாம். விசர்நாய்க்கடி நோயின் குறிகள் தோன்றிய பின் உயிர் தப்புவது மிக மிக அரிது. அதற்குமுன் போடும் ஊசியே காப்பாற்றும். ஊசி போடாத நாயைச் சந்தையில் விட்டு வருவது நமது ஆபத்தை அயலூர்ப் பிள்ளைகளின் தலையில் இறக்கி வைப்பதாகும்.

அந்தக் கிணற்றடி நாய்க்கு என்ன நடந்தது? உரப்பைக்குள் போகவில்லை. ஊசி போட்டார்கள், ஓடுகம்பி கட்டினார்கள். வீட்டின் மூத்த மகன் காலையும் மாலையும் நடத்தினான். சில வாரங்களில் இரவுக் குரைப்பு குறைந்தது. அடுத்த விதைப்புக்கு வாப்பா வயலுக்குப் போனபோது அதுவும் பின்னால் போனது. அறுவடை முடிந்து நான் போயிருந்தேன். வாடி வாசலில் படுத்திருந்தது. என்னைக் கண்டதும் ஒரு தடவை குரைத்தது. “போதும்” என்றார் அவர். அது அடங்கிவிட்டது.