ஒன்பது நாள் வேலைக்கு 20 வருஷ உரிமையா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டு, வாசிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

ஆழ்வார்பேட்டையில என் ரூம்ல இருந்து பேசுறேன். பின்னாடி டிடிகே ரோடு ஹாரன் கேட்டா மன்னிச்சுக்கோங்க, எடிட்ல முடிஞ்ச அளவுக்கு எடுத்துட்டேன்.

போன மாசம் என் மேனேஜர் ஒரு ஃபார்ம் அனுப்பினார். "போன ரிலீஸ்ல நீ பண்ணின அந்த ஸ்க்ரீனுக்கு பேட்டன்ட் ஃபைல் பண்ணலாம்னு லீகல் டீம் சொல்றாங்க. கையெழுத்து போட்டு அனுப்பு, இன்சென்டிவ் வரும்" அப்படின்னார். அந்த இன்சென்டிவ் என் ஒரு மாச வாடகைக்கு மேல. அந்த ஃபீச்சரை எழுத எனக்கு ஆனது ஒன்பது நாள். அதுல மூணு நாள் பக் ஃபிக்ஸ். இதுக்கு 20 வருஷம் வேற யாரும் பயன்படுத்தக் கூடாதுங்கிற உரிமையான்னு எனக்கே சிரிப்பு வந்துச்சு. கையெழுத்து போடப் போன கை அப்படியே நின்னுடுச்சு. ஏன்னா அந்தப் பக்கம் நான் ஒரு தடவை நின்னிருக்கேன்.

நானே எழுதி, நானே அழிச்சது

என் முதல் வேலை ஒரு சின்ன கம்பெனியில. மொத்தமே பதினோரு பேர். அமெரிக்காவுல இருக்கிற ஒரு கிளையன்ட்டுக்கு ஷாப்பிங் ஆப் பண்ணிட்டிருந்தோம். அதுல பட்டியலை விரலால தள்ளுற ஒரு ஃபீச்சரை நான்தான் எழுதினேன். யாரையும் பார்த்து காப்பி அடிக்கல. ரெண்டு மாசம் கழிச்சு கிளையன்ட்டுக்கு ஒரு வக்கீல் கடிதம் வந்துச்சு: இது எங்க பேட்டன்ட்டுக்குள்ள வருது, லைசென்ஸ் வாங்குங்க, இல்லைன்னா எடுத்துடுங்க. அந்த பேட்டன்ட் செல்லுமா செல்லாதான்னு யாரும் பார்க்கல. பார்க்கிறதுக்கு ஆகிற வக்கீல் செலவு எங்க ப்ராஜெக்ட்டோட மொத்த பில்லைவிட அதிகம்னு கிளையன்ட் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே அந்த கோடை டெலீட் பண்ணேன்.

அப்போ எனக்குப் புரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. நாமே சொந்தமா எழுதினா எப்படித் தப்பாகும்? இங்கேதான் பதிப்புரிமைக்கும் காப்புரிமைக்கும் வித்தியாசம். பதிப்புரிமை, அதாவது காப்பிரைட், நீங்க எழுதின கோடைப் பாதுகாக்கும். அதே வேலையைச் செய்ற வேற கோடை இன்னொருத்தர் சொந்தமா எழுதினா அதைத் தடுக்காது. காப்புரிமை, அதாவது பேட்டன்ட், செய்யுற முறையையே பாதுகாக்கும். உங்க பேட்டன்ட்டைப் பத்திக் கேள்விப்படாமலே ஒருத்தர் தானா அதே முறைக்கு வந்து சேர்ந்தாலும் அது மீறல்தான். "எனக்குத் தெரியாது"ங்கிறது பதிலே கிடையாது. பட்டன், ஸ்க்ரோல், ஸ்வைப் மாதிரி விஷயங்கள்ல பத்து பேர் யோசிச்சா நாலு பேர் ஒரே இடத்துக்குத்தான் வருவாங்க.

எல்டாம்ஸ் ரோடு வழியா நடந்தா

இதெல்லாம் அமெரிக்கக் கதைன்னு நினைக்காதீங்க. இங்கிருந்து எல்டாம்ஸ் ரோடு வழியா அண்ணா சாலைக்கு நடந்தா, தேனாம்பேட்டையில குணா காம்ப்ளக்ஸ். ஆழ்வார்பேட்டைக்கும் அதுக்கும் ஒரே பின்கோடுதான், 600018. அங்கேதான் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தோட தலைமை அலுவலகம் இருந்துச்சு. ஐபேப்னு சொல்லுவாங்க. பேட்டன்ட் ஆபீஸ் முடிவு பிடிக்கலைன்னா இந்தியா முழுக்க இங்கேதான் அப்பீல் வரணும். 2021ல வாரியத்தைக் கலைச்சு, வேலையை ஹைகோர்ட்டுகளுக்கு மாத்திட்டாங்க. அந்த வாரியம் கொடுத்த ரெண்டு தீர்ப்பை மட்டும் பார்ப்போம்.

முதல் கேஸ், யாஹூ. கூகுள்ல தேடினா மேல விளம்பரம் வருதில்ல? அதிகப் பணம் ஏலம் கேட்டவர் மேல, கம்மியா கேட்டவர் கீழ. இந்த ஏல முறைக்கு அமெரிக்காவுல 2001ல ஓவர்ச்சர்ங்கிற கம்பெனி பேட்டன்ட் வாங்கிச்சு. 2002ல கூகுள் மேல வழக்கு போட்டுச்சு. 2003ல யாஹூ ஓவர்ச்சரையே வாங்கிடுச்சு. 2004ல, கூகுள் பங்குச் சந்தைக்கு வர்ற நேரத்துல, இந்த வழக்கையும் இன்னொரு தகராறையும் சேர்த்து முடிக்க கூகுள் யாஹூவுக்கு 27 லட்சம் பங்குகள் கொடுத்துச்சு.

அதே ஐடியாவுக்கு இந்தியாவுலயும் பேட்டன்ட் கேட்டாங்க. ரீடிஃப் எதிர்ப்பு தெரிவிச்சுது. சென்னை பேட்டன்ட் ஆபீஸ் மறுத்துடுச்சு. யாஹூ அப்பீல் பண்ணிச்சு. 2011 டிசம்பர்ல, நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையில வாரியம் சொன்னதோட சாரம் இதுதான்: இதுல டெக்னிக்கலா முன்னேற்றம் இருக்கலாம், ஆனா அந்த முன்னேற்றமே வியாபாரம் பண்ற ஒரு முறைதான், வியாபார முறைக்கு இந்தியச் சட்டத்துல பேட்டன்ட் கிடையாது. அங்கே 27 லட்சம் பங்கு பேரத்துல இருந்த ஐடியா, இங்கே யார் வேணும்னாலும் பயன்படுத்தலாம்னு ஆச்சு.

ரெண்டாவது கேஸ் சாஃப்ட்வேர் இல்லை, ஆனா உங்க எல்லார் பாக்கெட்லயும் இருக்கு. டூயல் சிம். மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமார் 2002 மார்ச்ல விண்ணப்பிச்சு, 2008ல பேட்டன்ட் வாங்கினார். எண் 214388. ஒரே போன்ல பல சிம், ஒவ்வொண்ணும் வேற வேற நெட்வொர்க். 2009 வாக்குல ரிச்சி ஸ்ட்ரீட் ஞாபகம் இருக்கா? கடைக்குக் கடை டூயல் சிம் போன். ஒரு சிம்ல கால் ரேட் கம்மி, இன்னொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்ச பழைய நம்பர். நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு வசதி.

ராம்குமார் கோர்ட்டுக்கும் போனார், சுங்கத்துறைக்கும் போனார். 2007ல வந்த விதிகள்படி, பேட்டன்ட் வெச்சிருக்கிறவர் சுங்கத்துறையில பதிவு பண்ணினா, மீறுற சரக்கை இறக்குமதி ஆகும்போதே நிறுத்தலாம். இப்படிப் பல கம்பெனிகளோட போன்கள் சுங்கத்துல மாட்டிச்சு. ஒரு பேட்டன்ட் மீறப்படுதான்னு முடிவு பண்ண கோர்ட்லயே வருஷக்கணக்குல வாதம் நடக்கும். அதை சுங்க அதிகாரி சரக்கைப் பார்த்து முடிவு பண்ணணும்னு ஆச்சு. ஸ்பைஸ், சாம்சங் கம்பெனிகள் பேட்டன்ட்டையே ரத்து பண்ணச் சொல்லி வாரியத்துக்கு வந்தாங்க. 2012 ஜூன்ல வாரியம் ரத்து பண்ணிடுச்சு: இது புதுசும் இல்லை, அதுக்கு முன்னாடி இருந்த ஆவணங்களைப் பார்த்தா துறை தெரிஞ்ச ஒருத்தர் எட்டக்கூடியதுதான். ஆறு வருஷம் கழிச்சு, 2018ல, அந்த சுங்க விதிகள்ல இருந்து பேட்டன்ட்டையே எடுத்துட்டாங்க.

2008ல கொடுத்தாங்க, 2012ல செல்லாதுன்னாங்க. நடுவுல நாலு வருஷம் அது செல்லுபடியான பேட்டன்ட்தான். சாம்சங்கால சண்டை போட முடிஞ்சது. சீனாவுல இருந்து ஐநூறு பீஸ் இறக்கி விக்கிற ஒருத்தரால முடியுமா?

சட்டம் என்ன சொல்லுது

நம்ம பேட்டன்ட் சட்டத்துல 3(கே)ன்னு ஒரு பிரிவு. கணித முறை, வியாபார முறை, கணினி ப்ரோகிராம் "பெர் சே", அல்காரிதம், இதுக்கெல்லாம் பேட்டன்ட் இல்லை. 2003 மே மாசத்துல இருந்து அமல்ல இருக்கு. "பெர் சே"ன்னா "அது மட்டுமே தனியா"ன்னு வெச்சுக்கலாம். சண்டை எல்லாம் இந்த ரெண்டு வார்த்தைக்குத்தான். வெறும் ப்ரோகிராமா இல்லாம, ஒரு டெக்னிக்கல் விளைவு இருந்தா கொடுக்கலாமா?

2004 டிசம்பர்ல ஒரு அவசரச் சட்டம் இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துச்சு. 2005ல நாடாளுமன்றம் அதை ஏத்துக்கல, பழைய வார்த்தைகளே நின்னுச்சு. 2015 ஆகஸ்ட்ல பேட்டன்ட் ஆபீஸ் தளர்வான வழிகாட்டுதல் போட்டுச்சு. இலவச மென்பொருள் அமைப்புகளும் ஸ்டார்ட்அப் பக்கம் இருக்கிறவங்களும் எதிர்த்ததால டிசம்பர்ல நிறுத்தி வெச்சாங்க. 2016 பிப்ரவரியில, புதுமையான ஹார்டுவேர் இருந்தாத்தான் கொடுப்போம்னு மாத்தினாங்க. 2017ல அந்த நிபந்தனையையும் எடுத்துட்டாங்க. 2019ல டெல்லி ஹைகோர்ட், டெக்னிக்கல் விளைவு இருந்தா ப்ரோகிராம்ங்கிற காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. கதவு பூட்டியும் இல்லை, திறந்தும் இல்லை.

ஒரே ஸ்வைப், மூணு நாடு

ஐபோனை ஓரமா தள்ளித் திறப்போமே, ஸ்லைடு டு அன்லாக், அதுக்கு ஆப்பிள் பேட்டன்ட் வெச்சிருந்துச்சு. ஐபோனுக்கு முன்னாடியே ஸ்வீடனோட நியோநோட் போன்ல ஸ்வைப் பண்ணித் திறக்கிற வசதி இருந்துச்சு. இங்கிலாந்து கோர்ட் 2012ல பேட்டன்ட் செல்லாதுன்னுச்சு. ஜெர்மனியோட உச்ச நீதிமன்றம் 2015ல அதையே சொன்னுச்சு. அமெரிக்காவுல 2014ல ஜூரி, இதையும் ஆட்டோகரெக்டையும், மெசேஜ்ல வர்ற போன் நம்பரைத் தொட்டா கால் போற வசதியையும் சேர்த்து, சாம்சங் 119.6 மில்லியன் டாலர் கட்டணும்னு சொன்னாங்க. 2016 பிப்ரவரியில அப்பீல் கோர்ட் தள்ளிடுச்சு, அதே வருஷம் அக்டோபர்ல அதே கோர்ட் முழு பெஞ்சா உட்கார்ந்து திருப்பிக் கொடுத்துச்சு. 2017 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் கேட்க மறுத்ததும்தான் முடிஞ்சது. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே ஐஓஎஸ் 10ல ஆப்பிள் அந்த ஸ்லைடையே எடுத்துட்டு ஹோம் பட்டனுக்கு மாறிடுச்சு!

அந்தப் பக்க நியாயம்

எதிர்ப்பக்கத்துலயும் நியாயம் இருக்கு. பார்த்த பிறகு எல்லாமே சிம்பிள்தான். அதனாலதான் சட்டம், "இன்னைக்குப் பார்த்தா சுலபமா?"ன்னு கேட்கிறதில்லை, விண்ணப்பிச்ச தேதியில அது தெரிஞ்ச விஷயமான்னு கேட்குது. பேட்டன்ட் இல்லைன்னா, சின்ன ஆள் கண்டுபிடிச்சதை பெரிய கம்பெனி மறுநாளே எடுத்துக்கும். மதுரைக்காரர் ஒருத்தர் சாம்சங்கை ஒரு மேசையில உட்கார வெச்சதே பேட்டன்ட்டாலதானே? அவர் பேட்டன்ட் தோத்துச்சு. ஆனா உரிமை கேட்டதுல தப்பு இல்லை.

மருந்து மாதிரி பல வருஷம், பல கோடி போட்டுச் செய்யிற விஷயத்துக்கு 20 வருஷம் கொடுக்கிறதுல ஒரு கணக்கு இருக்கு. போட்டதை எடுக்கணும். என் ஸ்க்ரீனுக்குப் போட்டது ஒன்பது நாள் சம்பளம். பேட்டன்ட் கிடைக்கும்னு ஆசை காட்டாமலே நான் அதைப் பண்ணிட்டேன். யூசருக்குத் தேவைப்பட்டுச்சு, பண்ணினேன்.

அப்போ சின்ன ஃபீச்சர் பேட்டன்ட்டுகள் புதுமையைத் தடுக்குதா? ஆப்பிள், சாம்சங்கைப் பார்த்தா தடுக்கலைன்னுதான் தோணும். சண்டை போட்டுக்கிட்டே ரெண்டு பேரும் வருஷா வருஷம் புது போன் விட்டாங்க. அவங்களுக்கு இது ஒரு செலவுக் கணக்கு. தடுக்கிறது நம்ம பதினோரு பேர் கம்பெனி மாதிரி இடங்கள்ல. அங்கே வழக்கே நடக்காது. ஒரு கடிதம் வரும், ஒருத்தர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடை டெலீட் பண்ணுவார். அதுக்கு கேஸ் நம்பர் கிடையாது, எந்தக் கணக்குலயும் வராது. தீர்ப்புகளை மட்டும் படிச்சு இதை அளக்கப் பார்த்தா, இந்த இழப்பு கண்ணுல படாது.

ஃபார்ம் என்ன ஆச்சு?

பட்டியலைக் கீழே இழுத்தா ரிஃப்ரெஷ் ஆகுமே, அதைக் கொண்டு வந்தவர் லோரன் ப்ரிக்டர், ட்வீட்டிங்கிற ஆப்ல. 2010ல ட்விட்டர் அந்த ஆப்பை வாங்கிச்சு. 2013ல அதுக்கு பேட்டன்ட்டும் கிடைச்சது. ஆனா 2012லயே ட்விட்டர் ஒரு ஒப்பந்த மாதிரியை வெளியிட்டிருந்துச்சு: எங்க எஞ்சினியர்கள் பேர்ல வாங்குற பேட்டன்ட்டை, யாராவது எங்களைத் தாக்கினா தற்காப்புக்குத்தான் பயன்படுத்துவோம். தாக்கறதுக்குப் பயன்படுத்தணும்னா அந்த எஞ்சினியரோட சம்மதம் வேணும். பேட்டன்ட்டை வேற கம்பெனிக்கு வித்தாலும் இந்த நிபந்தனை கூடவே போகும். இன்னைக்கு எல்லா ஆப்லயும் இழுத்தா ரிஃப்ரெஷ் ஆகுது.

நான் ஃபார்ம்ல கையெழுத்து போடல, திருப்பியும் அனுப்பல. "சார், இதே மாதிரி ஒரு நிபந்தனை எழுத்துல கொடுத்தா போடுறேன்"னு மேனேஜருக்கு மெயில் போட்டேன். "லீகல்கிட்ட கேட்கிறேன்"னு பதில் வந்து மூணு வாரம் ஆச்சு. என்னோட ஆஃபர் லெட்டரை எடுத்துப் பார்த்தேன். வேலையில நான் பண்றது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு முதல் நாளே கையெழுத்து போட்டிருக்கேன். அதனால ரொம்ப நாள் இழுக்க முடியாதுன்னு தெரியும். ஆனா கேள்வி ஒரு மெயில்ல பதிவாயிடுச்சு, டீம்ல இன்னும் ரெண்டு பேர் அதே கேள்வியைக் கேட்டிருக்காங்க.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஃபார்ம் வந்தா, இன்சென்டிவ் எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, இதை யார் மேல பயன்படுத்துவீங்கன்னு கேளுங்க. கேட்டா என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் சொல்லுங்க. எனக்கு லீகல்கிட்ட இருந்து பதில் வந்தா அடுத்த எபிசோட் ஆரம்பத்துல சொல்றேன். வரட்டுமா மக்களே!