துயரில் துளிர்த்த தொண்டு



நோயுற்ற தாயின் கரம் பற்றி ஸ்கேன் அறையின் வாசல்வரை சென்றவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். கதவு சாத்தப்படுகிறது. உள்ளே என்ன தெரியுமோ, என்ன சொல்வார்களோ என்று நெஞ்சம் பதறுகிறது. அந்த அச்சம் அத்துடன் கழிந்துபோக வேண்டிய ஒன்றா? அன்று! அது ஒரு பிள்ளையின் வாழ்க்கைப் பாதையையே வகுத்துத் தரக்கூடும்.

தங்கையை இழந்த தமக்கை

1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தாமே மருத்துவராக இருந்தும், புற்றுநோய்க்கு இரையான தம் தங்கையை அவரால் காப்பாற்ற இயலவில்லை. அந்தத் துயரம் அவரை முடக்கிவிடவில்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென்று பல்லாண்டுகள் போராடினார். 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் எழுந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதற்கே தம் வாழ்நாளை அளித்தார். கதிர்வீச்சு மருத்துவத்தில் நாட்டின் முன்னோடி நிலையங்களுள் ஒன்றாக அது வளர்ந்தது.

பாட்டியை இழந்த பேரன்

கடல் கடந்தும் இத்தகைய வரலாறு உண்டு. நியூயார்க்கில் வளர்ந்த ரேமண்ட் டமாடியன், பத்து வயதில் தம் பாட்டி மார்பகப் புற்றுநோயால் துடித்து மாண்டதைக் கண்டார். பின்னாளில் மருத்துவரான அவர், புற்றுக்கட்டியின் திசு காந்தப்புலத்தில் நல்ல திசுவினின்று வேறுபட்டு நடந்துகொள்கிறது என்பதை 1971இல் எலிகளில் கண்டு வெளியிட்டார். 1977 ஜூலை 3ஆம் நாள், உதவியாளர்கள் இருவருடன் தாமே அமைத்த கருவியில், மனித உடலின் மார்புப் பகுதியைப் படமெடுத்தார். ஒரே ஒரு படத்திற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று! இன்று அதைவிட மிகக் குறைந்த நேரத்தில் முடிகின்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேனின் தொடக்க நாள்களுள் அதுவும் ஒன்று. 2003இல் இத்துறைக்கு வழங்கப்பட்ட நோபல் பரிசு வேறிருவருக்கே கிட்டியது. ஆயினும் அவர் பணியின் பயன் உலகெங்கும் உள்ள நோயாளிகளுக்குக் கிட்டிக்கொண்டிருக்கிறது.

அச்சம் அறிந்தவரின் கைத்திறன்

எல்லாரும் கருவி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கருவியை இயக்குவோரின் பணியும் சிறியதன்று. எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சை அடக்கி அசையாதிருக்க வேண்டும். அசைந்தால் படம் மங்கும். மங்கிய படத்தில் நோய் ஒளிந்துகொள்ளும். அஞ்சி நடுங்குபவரால் அசையாதிருக்க முடியுமா? "பயப்படாதீங்கம்மா, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்ற கனிவான ஒரு சொல், படத்தையே தெளிவாக்கிவிடுகிறது! வாசலில் அஞ்சி நின்ற அனுபவமுடையவருக்கு இக்கனிவைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

நம் பகுதியையே எண்ணிப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய காலடிப்பேட்டை, தோன்றிய நாள்தொட்டு உழைப்பாளர் ஊர். இன்று திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்தில் வெல்டிங் பட்டறையிலும் லேத்திலும் பணிபுரிவோர் எத்தனை பேர்! கண்ணுக்குள் இரும்புத் துகள் இருப்பவரை எம்.ஆர்.ஐ. காந்தத்தினுள் செலுத்தினால் அத்துகள் நகர்ந்து பார்வையைப் பறிக்கக்கூடும். எனவேதான், "கண்ணில் எப்போதாவது இரும்புப் பொறி தெறித்ததுண்டா?" என்று முன்னரே வினவுகிறார்கள். தந்தையின் கண்ணிலிருந்து பொறி எடுக்கப்பட்டதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அந்தக் கேள்வியை ஒருநாளும் மறக்குமா?

நம் பெண்கள் பலர், படமெடுப்பவர் ஆண் என்று கேட்டதும் நாணி, மார்பகச் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நோய்க்கே ஆதாயம். அந்த அறையில் நம் மகளே நின்றால், எத்தனை தாய்மார்கள் தயங்காமல் உள்ளே வருவார்கள்!

வழி என்ன?

மேனிலைப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்றவர்கள், கதிரியக்கப் படவியல் தொழில்நுட்பத்தில் பட்டயமோ பி.எஸ்ஸி. பட்டமோ பெறலாம். எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் மேற்படிப்பால் படங்களைப் படித்துக் கருத்துரைக்கும் மருத்துவராகலாம். சேருமுன் அந்நிறுவனத்திற்கு முறையான அங்கீகாரம் உண்டா என்று தவறாது விசாரியுங்கள். சான்றிதழ் மட்டும் தந்துவிட்டுக் கைவிடுவோரும் உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1934 முதல் இயங்கிவரும் பர்னார்டு கதிரியக்க நிலையம் தொலைவிலா இருக்கிறது? காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே அம்மருத்துவமனை!

பொறுப்பும் உண்டு. கதிர்வீச்சிலிருந்து தம்மையும் நோயாளியையும் காத்தல் வேண்டும். கருவிலுள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று சோதித்துச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஒரு சொல்லால் ஓர் உயிரே அழியக்கூடும் என்பதை இத்தொழிலுக்கு வருவோர் மறத்தலாகாது.

பெற்றோரே! உங்கள் வீட்டில் நோய் தந்த வடு இருக்கலாம். அதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். மருத்துவமனைக்குச் செல்லும்போது அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்கு அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குச் செவிகொடுங்கள். நாளை வேறொரு தாயின் அச்சத்தைத் தணிக்கும் கரம், இன்று உங்கள் கரத்தைப் பற்றியிருக்கும் அச்சிறு கரமாக இருக்கலாம்.