மாடு குறைந்த ஊரில் கொசு யாரைக் கடிக்கும்?

ஐப்பசி, கார்த்திகையில் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துச் சம்பா வயல்களில் தண்ணீர் நிற்கும். மூளைக்காய்ச்சல் பயமும் கூடவே வரும். உடனே ஊர்ப்புறப் பன்றிகளையும் கழுவெளிச் சதுப்புநிலப் பறவைகளையும்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். காலியாகக் கிடக்கும் மாட்டுத் தொழுவங்களை யாரும் பார்ப்பதில்லை.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதலில் தெரியவந்தது 1955-ல், வேலூரில். கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகளிடம் தங்கும் கிருமி, பன்றியின் உடலில் பல மடங்கு பெருகுகிறது. நெல்வயலில் வளரும் க்யூலெக்ஸ் கொசு அதை மனிதனிடம் கொண்டுவருகிறது. ஆனால் அந்தக் கொசு விரும்புவது மாட்டைத்தான். தமிழ்நாட்டில் ரத்தம் குடித்த கொசுக்களைப் பிடித்துச் சோதித்தபோது, பெரும்பாலானவற்றின் வயிற்றில் இருந்தது மாட்டு ரத்தம். மாட்டுக்குள் போன கிருமி அடுத்த கொசுவைத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை; அங்கேயே முடிந்துபோகிறது.

டிராக்டர் வந்தபின் உழவு மாடு வைத்திருப்பவர்கள் அருகிவிட்டார்கள். வயலில் தண்ணீர் நிற்பது மட்டும் மாறவில்லை. மாட்டிடம் போயிருக்க வேண்டிய கொசு திண்ணையில் தூங்கும் பிள்ளையைத் தேடி வருமே என்பதுதான் என் கவலை. நோய் முற்றியவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறக்கிறார்கள். பிழைத்த குழந்தைகள் பலருக்கு வலிப்பும் கைகால் முடக்கமும் மிஞ்சுகின்றன. ஆனால் என் கவலைக்கு மாறாக, மாடு கூடினால் கொசுவும் கூடும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

தடுப்பூசி இருக்கிறது: 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் கொசுப்புழு குறையும். வேப்பம் புண்ணாக்குக் கலந்த யூரியாவும் உதவும் என்று தமிழ்நாட்டு வயல்களிலேயே சோதித்திருக்கிறார்கள்.

மலேசியாவில் 1998-ல் பன்றிப் பண்ணையாட்களுக்குக் காய்ச்சல் கண்டபோது, இதே ஜப்பானியக் காய்ச்சல் என்று நம்பிக் கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பண்ணைகளில் பன்றிகள் இருமிக்கொண்டிருந்ததற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்த நிபா என்ற புதுக் கிருமி அது என்று 1999-ல் தெரிந்தது. மொத்தம் 105 பேர் இறந்தார்கள்.

விலங்கைக் கவனிக்காமல் மனிதக் காய்ச்சலை மட்டும் துரத்தினால் இப்படித்தான் நேரம் போகும். இங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை கால்நடைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எந்த ஊரில் மாடு குறைந்தது, எங்கே பன்றி கூடியது என்ற அந்தக் கணக்கை ஆரம்ப சுகாதார நிலையத்துக் காய்ச்சல் பதிவேட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கொசு ஒழிப்பு ஆட்கள் முதலில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை ஐப்பசிக்கு முன்பே முடிவு செய்யலாம்.