விசாகப்பட்டினம்: பாட்டி முதல் பேத்தி வரை எல்லோருக்கும் ஓர் ஊர்... கடலில் மட்டும் கவனம்!

விடுமுறை வந்தால் வீட்டில் ஆளுக்கொரு ஆசை. பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். பாட்டிக்குக் கோயில் வேண்டும். அப்பாவுக்கு ரயிலில் ஜன்னலோரம் வேண்டும். அம்மாவுக்கோ நாலு நாள் அடுப்படியை மறந்தால் போதும். இந்த நான்கும் ஒரே ஊரில் கிடைக்கிற இடங்களில் ஒன்று, ஆந்திராவின் விசாகப்பட்டினம். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலை. சென்னையிலிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர். ராத்திரி ரயிலேறினால் காலையில் இறங்கிவிடலாம்.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹவுரா பக்கம் போகும் சில ரயில்கள் விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் வராமல் துவ்வாடா வழியாகப் போய்விடும். பெட்டி படுக்கை, குழந்தைகளோடு அங்கே இறங்கி ஆட்டோ தேடுவதைவிட, ஊருக்குள் வரும் ரயிலாகப் பார்த்துப் பதிவு செய்வது நல்லது.

எப்போது போகலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான நேரம். வெயில் இருக்கும், ஆனால் வாட்டாது. அக்டோபர், நவம்பர் புயல் காலம். 2014 அக்டோபரில் ஹூத்ஹூத் புயல் இந்த ஊரைத்தான் புரட்டிப் போட்டது. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலோடு கடலோரப் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். பள்ளி விடுமுறை என்பதால் அப்போதுதான் போக முடியும் என்றால், காலை பத்து மணிக்குள் ஒரு சுற்று, மாலை நாலு மணிக்குமேல் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகல் அறையில் தூங்குவதற்கு!

கரையேறிய நீர்மூழ்கி

ஆர்.கே. பீச் எனப்படும் ராமகிருஷ்ணா கடற்கரையில் பிள்ளைகள் வாயைப் பிளக்கப்போவது ஐ.என்.எஸ். குர்சுராவைப் பார்த்துத்தான். 91 மீட்டர் நீளமுள்ள நிஜ நீர்மூழ்கிக் கப்பல் இது. 1969-ல் கடற்படையில் சேர்ந்து, 1971 போரின்போது ரோந்து சென்று, 2001-ல் ஓய்வுபெற்றது. கடலிலிருந்து இழுத்து வந்து கரையில் நிறுத்தி, 2002-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

உள்ளே நுழைந்தால் குறுகலான நடைபாதை, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள், சுவர் முழுக்கக் குழாய்கள், முன்பகுதியில் டார்பிடோக்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இதற்குள் வாழ்ந்தார்கள் என்றால் பெரியவர்களுக்கே நம்பச் சிரமமாக இருக்கும். ஓய்வுபெற்ற கடற்படை வீரர்கள் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். மூட்டுவலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் வெளியே காற்றாட உட்கார்ந்துகொள்ளலாம்.

சாலையின் எதிர்ப்புறம் நிற்கும் டி.யு.-142 விமானம் நமக்கு ஒருவகையில் பக்கத்து வீட்டுக்காரர். கடல்மீது பறந்து கண்காணித்த இந்த ரக விமானங்களின் தளம், அரக்கோணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி. அவை 2017-ல் ஓய்வுபெற்றதும், ஒன்று இங்கே வந்து அதே ஆண்டு டிசம்பரில் அருங்காட்சியகமானது. திங்கட்கிழமை விடுமுறை என்பதால் நாள் பார்த்துத் திட்டமிடுங்கள்.

கடலில் இறங்கலாமா?

பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். ஆர்.கே. பீச்சைப் பொறுத்தவரை பதில்: கால் நனைக்கலாம், குளிக்கக் கூடாது.

இந்தக் கரையில் கடல் இழுக்கும். கரைக்கு வந்த அலைநீர் ஏதாவது ஒரு குறுகலான பாதை வழியாக வேகமாகக் கடலுக்குத் திரும்பும். இதைத்தான் ‘ரிப் கரன்ட்’ என்கிறார்கள். இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், இழுக்கிற இடம் பார்ப்பதற்கு அமைதியாக இருக்கும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும். நடுவில் மட்டும் உடையாமல் தண்ணீர் சற்றுக் கருத்துத் தெரியும். ‘இங்கே அலையே இல்லை’ என்று குழந்தையை இறக்கத் தோன்றுவது அந்த இடத்தில்தான்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது; பலம் போய்விடும். மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். நீச்சல் தெரிந்தவர்கள் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைவிட்டு விலகிய பிறகு கரைக்குத் திரும்பலாம். கரையில் இருப்பவர்கள் பதறிப்போய்த் தண்ணீரில் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போய்விடும் துயரம் நம் கடற்கரைகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள், 112-க்கு அழையுங்கள், மிதக்கிற எதையாவது வீசுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. ‘எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அந்தப் பெரியவர் கையில் அப்போது போன் இருக்கக் கூடாது.

தண்ணீரில் விளையாடியே தீர வேண்டும் என்றால் ருஷிகொண்டா கடற்கரைக்குப் போகலாம். சுத்தம், பாதுகாப்புக்காகத் தரப்படும் நீலக்கொடிச் சான்றிதழை 2020-ல் பெற்ற இடம் அது. அங்கேயும் உயிர்காப்பாளர் அனுமதிக்கும் எல்லைக்குள் மட்டும்!

மலையும் கோயிலும்

கைலாசகிரிக்கு ரோப் காரில் ஏறினால் கடற்கரை முழுவதும் வளைந்து தெரியும். பிரம்மாண்டமான சிவன்-பார்வதி சிலைகளும், மலையைச் சுற்றிவரும் குட்டி ரயிலும் இருக்கின்றன. மாலையில் போவது சுகம்.

பாட்டிக்குச் சிம்மாசலம். வராக நரசிம்மர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள்ளேயே இருப்பார். அட்சய திருதியை அன்று மட்டும் நிஜரூப தரிசனம். அன்றைக்குக் கூட்டம் அலைமோதும் என்பதால், குழந்தைகளோடு வேறு நாளில் போவதே நிம்மதி. இந்தக் கோயிலில் 1098-ம் ஆண்டைச் சேர்ந்த முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஒருகாலத்தில் விசாகப்பட்டினத்துக்கே குலோத்துங்க சோழபட்டினம் என்று பெயர் இருந்ததைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

ருஷிகொண்டாவைத் தாண்டிப் போனால் தொட்லகொண்டா. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் பௌத்தத் துறவிகள் வாழ்ந்த குன்று. மழைநீரைச் சேமிக்கப் பாறையில் வெட்டிய தொட்டிகளால் வந்த பெயர். நம் ‘தொட்டி’யேதான்! நிழல் குறைவு; காலையிலேயே போய்விடுங்கள்.

போரா குகைக்கு ஒரு நாள்

காலையில் புறப்படும் அரக்கு ரயில் சுரங்கங்களுக்குள் புகுந்து புகுந்து மலையேறும். கடலோரத்தில் கிளம்பும் இந்தப் பாதை, சிமிலிகுடா நிலையத்தில் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. கண்ணாடிக் கூரையுள்ள விஸ்டாடோம் பெட்டிக்குப் போட்டி அதிகம். தேதி முடிவானதும் முதல் வேலையாகப் பதிவு செய்யுங்கள்.

சுண்ணாம்புப் பாறையில் நீர் சொட்டிச் சொட்டி உருவான போரா குகைக்குள் படிகள் அதிகம், ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ரயில் பயணத்தோடு நிறுத்திக்கொண்டு, வாசலில் அரக்கு காபி குடித்தபடி காத்திருக்கலாம். திரும்பும்போது காரில் வந்தால் மலைப்பாதை வளைவுகள் உண்டு. வாந்தி வரும் பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்காதீர்கள்.

சாப்பாடு

காலையில் பெசரட்டு உப்புமா, மாலையில் கடற்கரைப் பொரி மிக்ஸ்சர், ஊருக்குக் கொண்டுவர கோதுமைப் பாலில் செய்த மாடுகுல அல்வா. காரம் ஆந்திராக் காரம்தான். பிள்ளைகளுக்கு வாங்கும்போது ‘காரம் தக்குவ’ என்று சொன்னால், குறைத்துத் தருவார்கள்.

நான்கு நாள் திட்டம்

* முதல் நாள்: பகலில் ஓய்வு. மாலையில் நீர்மூழ்கி, விமானம், கடற்கரை.
* இரண்டாம் நாள்: காலை சிம்மாசலம், மாலை கைலாசகிரி.
* மூன்றாம் நாள்: போரா குகை. மிகச் சிறு குழந்தைகள் இருந்தால் அதற்குப் பதில் உயிரியல் பூங்கா (திங்கள் விடுமுறை).
* நான்காம் நாள்: காலை தொட்லகொண்டா, ருஷிகொண்டா. இரவு ரயில்.

நான்கு நாளில் எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும் என்று ஓடாதீர்கள். ஒரு நாளாவது விடியற்காலையில் எல்லோரையும் எழுப்பிக் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்தே எழும்பும். அதைப் பார்க்க டிக்கெட் கிடையாது, படி ஏற வேண்டியதும் இல்லை. பாட்டியும் பேத்தியும் ஒரே மணலில் உட்கார்ந்து பார்க்கலாம்.