பெயர் ஆலோசகர், பணி ஆட்சி

தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் இறங்கிய இடம் ‘போர்ட் சுவெட்டன்ஹாம்’. யார் அந்தச் சுவெட்டன்ஹாம்?

1874இல் பேராக்கில் கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, சிலாங்கூருக்கும் ஆங்கிலேயர் ‘ரெசிடென்ட்’ எனும் ஆலோசகரை அனுப்பினர். பெயரளவில் அவர் சுல்தானுக்கு ஆலோசனை கூறுபவர். நடைமுறையிலோ வரியும் நிர்வாகமும் அவர் கைக்குச் சென்றன. மலாய்ச் சமயமும் வழக்காறுமே சுல்தானிடம் எஞ்சின.

1882இல் சிலாங்கூரின் ரெசிடென்ட் ஆனவர் பிராங்க் சுவெட்டன்ஹாம். 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் ஒரே கூட்டாட்சியானபோது முதல் தலைமை ரெசிடென்ட்டும் அவரே. 1901இல் திறக்கப்பட்ட துறைமுகம் அவர் பெயரைத் தாங்கியது. 1972இல் அது கிள்ளான் துறைமுகமாயிற்று.

நண்பர்களே, தாத்தா பாட்டி வந்த தடத்தைப் பழைய ஆவணங்களில் தேடும்போது, ‘கிள்ளான் துறைமுகம்’ என்று மட்டும் தேடினால் கிடைக்காது. ஆண்டவரின் பெயரிலும் தேடுங்கள்.